தொழிற்சாலையிலிருந்து காருடன் வரும் பெர்ஃபார்மன்ஸ் டயர்கள் எவ்வளவு தூரம் உழைக்கும்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜுடன் கூடிய ஃபோர்டு மஸ்டாங் ஜிடி வைத்திருக்கும் ஒருவர் கேட்டது இது. காருடன் வந்த மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயர்கள் 18,000 மைல் ஓடியிருக்கின்றன. சர்வீசுக்கு விட்ட இடத்தில், டயரின் மேற்பரப்பிலுள்ள பள்ளங்களின் ஆழம் முன் டயர்களில் 6/32 அங்குலமும் பின் டயர்களில் 3/32 அங்குலமும்தான் மிச்சம் என்று எழுதிக் கொடுத்து, நான்கையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். முன்பு வைத்திருந்த சாதாரண குடும்பக் காரின் டயர்கள் 50,000 மைல் தாண்டியும் ஓடினவே, இவ்வளவு விலை கொடுத்த டயர் இப்படித் தேயலாமா, அல்லது நம்மிடம் வியாபாரம் பார்க்கிறார்களா என்பது அவருடைய சந்தேகம்.

பின் டயர்கள் இந்தத் தூரத்தில் இந்த அளவு தேய்ந்திருப்பது முற்றிலும் இயல்பானது. அவற்றை மாற்றும் நேரம் வந்துவிட்டது. முன் டயர்களின் தேய்மானம் சீராக இருக்குமானால் அவற்றை இப்போது கழற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சீட்டில் ஒவ்வொரு டயருக்கும் ஒரே ஓர் எண்தான் இருக்கிறது. அது டயரின் எந்த இடத்தில் அளந்தது என்பது தெரியாமல் முடிவெடுக்கக் கூடாது. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வகைக் கார்களில் டயர் சீக்கிரம் போவதற்கு முக்கியமான காரணம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

பொதுவான அளவு தெரிய வேண்டும் என்பவர்களுக்கு: தொழிற்சாலையில் பொருத்தப்படும் கோடைகால பெர்ஃபார்மன்ஸ் டயர்கள் சாதாரணச் சாலைப் பயன்பாட்டில் 15,000 முதல் 25,000 மைல் வரை, அதாவது ஏறத்தாழ 24,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை உழைத்தால் குறை சொல்வதற்கில்லை. பின் சக்கர இயக்கமும் அதிக குதிரைத்திறனும் கொண்ட கார்களில் பின் டயர்கள் இந்த வரம்பின் கீழ்முனையிலும், சில சமயம் அதற்கும் கீழேயும் முடிந்துவிடும். பந்தயத் தடத்தை மனத்தில் வைத்துச் செய்யப்படும் பைலட் ஸ்போர்ட் கப் 2 போன்றவை 10,000 மைலைத் தொட்டாலே நல்ல ஆயுள்தான். எல்லாப் பருவத்துக்குமான பெர்ஃபார்மன்ஸ் டயர்கள் 30,000 மைலுக்கு மேலும் போகக் கூடும். 40,000 மைல் ஓட்டினேன் என்று கோடைகால டயரைப் பற்றிச் சொல்பவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை, நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நேராக ஓடிய மைல்களைச் சொல்கிறார்கள்.

இவ்வளவு விலைக்கு இவ்வளவு ஆயுள்தானா என்ற கேள்விக்கு வருவோம். இந்த டயருக்குக் கொடுக்கும் விலை உழைப்புக்கான விலை அல்ல, பிடிப்புக்கான விலை. தரையை இறுகப் பிடிக்கும் ரப்பர் கலவை, திருப்பத்திலும் பிரேக்கிலும் தன்னைத் தேய்த்துக் கொடுத்துத்தான் அந்த வேலையைச் செய்கிறது. பைலட் ஸ்போர்ட் 4எஸ்-இல் டயரின் வெளிப்பாதிக்கு ஒரு கலவையும் உட்பாதிக்கு வேறொரு கலவையும் இருக்கின்றன. வெளிப்பக்கம் காய்ந்த சாலைத் திருப்பங்களுக்காகவும், உட்பக்கம் ஈரச் சாலைக்காகவும் வடிவமைக்கப்பட்டவை. இதனுடன் கார் நிறுவனத்தின் தேவைகளும் சேர்கின்றன. காருடன் வரும் டயரின் எடை, சத்தம், உருளும்போது ஏற்படும் இழப்பு, ஸ்டீயரிங் திருப்பத்துக்கு அது காட்டும் உடனடி எதிர்வினை ஆகிய எல்லாவற்றையும் கார் நிறுவனம்தான் டயர் நிறுவனத்துடன் பேசித் தீர்மானிக்கிறது. பத்திரிகையாளர் ஓட்டிப் பார்க்கும் நாளில் கார் எப்படி இருக்க வேண்டும் என்ற கவலை அந்தப் பேச்சில் நிறைய இருக்கும். மூன்றாவது ஆண்டில் உங்கள் பணப்பை எப்படி இருக்கும் என்ற கவலை குறைவாகவே இருக்கும்.

அமெரிக்காவில் விற்கப்படும் கார் டயர்களின் பக்கச் சுவரில் ட்ரெட்வேர், அதாவது தேய்மானம், என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும்; எண் கூடினால் டயர் மெதுவாகத் தேயும் என்று பொருள். பைலட் ஸ்போர்ட் 4எஸ்-க்கு அது 300. 2016-இல் வந்த ஷெல்பி ஜிடி350ஆர் காருடன் கொடுக்கப்பட்ட கப் 2-க்கு 180. நிசான் 350இசட் காலத்து பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்இ050ஏ-க்கு 140. இந்த எண்ணைப் பலரும் ஆயிரம் மைல் கணக்கில் மாற்றிப் பார்க்கிறார்கள். அப்படி எந்த வாய்ப்பாடும் கிடையாது. டெக்சஸ் மாநிலத்தில் சான் ஏஞ்சலோ நகரத்தைச் சுற்றி ஏறத்தாழ 400 மைல் நீளமுள்ள ஒரு பொதுச் சாலைப் பாதை இதற்கென்று குறிக்கப்பட்டிருக்கிறது. அதில் சோதனை டயரையும் ஒப்பீட்டு டயரையும் ஒரே அணியாகச் செல்லும் வாகனங்களில் பூட்டி 7,200 மைல் ஓட்டி, தேய்ந்த வேகத்தை ஒப்பிடுகிறார்கள். ஒப்பீட்டு டயருக்கு 100 என்று வைத்துக்கொண்டால், அதைவிட மூன்று மடங்கு மெதுவாகத் தேயும் டயருக்கு 300 வரை போடலாம். போடலாம் என்று சொல்வதற்குக் காரணம், எண்ணைத் தீர்மானிப்பது டயர் நிறுவனமே. சோதனை காட்டியதைவிடக் குறைவான எண்ணைப் போட்டுக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆகவே ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிடுவதற்கு இந்த எண் ஓரளவு உதவும்; இரண்டு நிறுவனங்களை ஒப்பிடுவதற்கு அதை நம்ப வேண்டாம்.

என்னைக் கேட்டால் இதைவிட நேர்மையான சாட்சி, கடையில் தனியாக வாங்கும் டயருக்கு அந்த நிறுவனம் கொடுக்கும் மைல் உத்தரவாதம்தான். பைலட் ஸ்போர்ட் 4எஸ்-ஐத் தனியாக வாங்கினால் அமெரிக்காவில் 30,000 மைல் உத்தரவாதம் தருகிறார்கள். ஆனால் பின் டயர்களின் அளவு முன் டயர்களிலிருந்து வேறுபட்டால், பின் டயர்களுக்கு அது பாதியாகி, 15,000 மைலாகிவிடும். உங்கள் மஸ்டாங்கில் முன்னால் 255/40 ஆர்19, பின்னால் 275/40 ஆர்19. முன்னும் பின்னும் மாற்றிப் போட முடியாத அமைப்பு. எனவே உங்கள் பின் டயர்களுக்கு அதைச் செய்தவரே எதிர்பார்த்த ஆயுளை அவை ஏற்கெனவே தாண்டிவிட்டன. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த மைல் உத்தரவாதம் தனியாக வாங்கும் டயருக்குத்தான், காருடன் வந்த டயருக்குப் பெரும்பாலும் அது பொருந்தாது. தயாரிப்புக் குறை இருந்தால் மட்டும் கேட்கலாம், தேய்ந்துவிட்டது என்று கேட்க முடியாது.

இனி உங்கள் எண்களை வைத்தே கணக்குப் போடலாம். இந்த வகை டயர் புதிதாக இருக்கையில் பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 9.5/32 அங்குலம், அதாவது ஏழரை மில்லிமீட்டர். 1/32 அங்குலத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், பின் டயரில் 18,000 மைலில் 6.5 பங்கு கரைந்திருக்கிறது. ஒரு பங்குக்கு ஏறத்தாழ 2,800 மைல் என்று வருகிறது. சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் அனுமதிக்கும் கடைசி எல்லை 2/32 அங்குலம், அதாவது 1.6 மில்லிமீட்டர். ஆக, சட்டப்படி உங்களிடம் மிச்சமிருப்பது 2,800 மைலுக்கும் குறைவு. முன் டயரில் கரைந்தது 3.5 பங்கு மட்டுமே. ஒரு பங்குக்கு 5,000 மைலுக்கும் மேல். அவற்றை 4/32 வரை ஓட்டலாம் என்று வைத்துக்கொண்டாலும் இன்னும் 10,000 மைல் தாராளமாகப் போகும். உண்மையில் அதற்கு மேலும் போகக் கூடும். புதிய டயரின் ரப்பர்க் கட்டைகள் உயரமாக இருப்பதால் அதிகம் நெளிந்து வேகமாகத் தேயும், உயரம் குறையக் குறைய நெளிவு குறைந்து தேய்மானமும் சற்று மெதுவாகும்.

சட்டத்தின் எல்லை 2/32 என்றிருக்க, 4/32 என்ற எல்லையை நான் ஏன் எடுத்துக்கொள்கிறேன் என்றால், மழைக்காக. அகலமான டயருக்குக் கீழே தேங்கும் நீரை வெளியேற்றுவது பள்ளத்தின் வேலை. ஆழம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் அந்த வேலை வேகமாகக் குறைகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் டயர் தரையை விட்டு நீரின் மேல் மிதக்கத் தொடங்குவது இந்த நிலையில்தான். ஜெர்மனியின் வாகன ஓட்டுநர் சங்கமான ஏடிஏசி-யும் கோடைகால டயரை 3 மில்லிமீட்டரில் மாற்றச் சொல்கிறது, அங்கும் சட்ட எல்லை 1.6 மில்லிமீட்டர்தான் என்றபோதிலும். 275 மில்லிமீட்டர் அகலமுள்ள பின் டயரும் 460 குதிரைத்திறனும் சேர்ந்த காரில், மழைநாளில் 3/32-உடன் சாலையில் இறங்குவதை நான் சரியென்று சொல்ல மாட்டேன். மழையே பார்க்காத பாலைவன ஊரில் இருந்தால் 2/32-ஐ நெருங்கும்வரை ஓட்டிக்கொள்ளலாம். அது வேறு விஷயம்.

இப்போது அந்த ஒற்றை எண்ணின் கதைக்கு வருகிறேன். டயர் தன் அகலம் முழுவதும் ஒரே மாதிரி தேய்வதில்லை. திருப்பத்தில் கார் சாயும்போது வெளி டயர் தரையில் முழுதாகப் பதிய வேண்டும் என்பதற்காக, இந்த வகைக் கார்களில் சக்கரங்களின் மேல்பகுதி உள்பக்கமாகச் சற்றுச் சாய்த்தே வைக்கப்படுகிறது. இதற்குக் கேம்பர் என்று பெயர். நேராக ஓடும்போது இந்தச் சாய்வினால் உள் விளிம்பின் மீது சுமை கூடுகிறது. கேம்பர் மட்டும் இருந்தால் டயர் பெரிதாகக் கெட்டுவிடாது. டோ என்று சொல்லப்படும் மற்றொரு கோணம், அதாவது சக்கரங்கள் நேர்முன்னே பார்க்காமல் சற்று உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம், தவறிப்போய் கேம்பருடன் சேரும்போதுதான் உள் விளிம்பு சீவி எடுத்ததுபோல் போய்விடுகிறது. சக்கரம் 0.3 டிகிரி மட்டும் திரும்பியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஐந்து மீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் பக்கவாட்டில் இழுபடுகிறது. 20,000 கிலோமீட்டர் ஓடினால் நூறு கிலோமீட்டருக்கும் மேல் ரப்பர் தரையில் குறுக்காகத் தேய்க்கப்பட்டதற்குச் சமம். கண்ணுக்கே தெரியாத கோணம் இது. ஒரு நடைபாதை விளிம்பில் மோதியது, ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கியது, சஸ்பென்ஷன் புஷ் தளர்ந்தது ஆகியவற்றில் எதுவும் இதை உண்டாக்கிவிடும்.

பழைய மஸ்டாங்கில் பின்புறம் ஒற்றை அச்சு இருந்ததால் இந்தத் தொல்லை பின் டயர்களுக்குப் பெரிதாக இல்லை. 2015 மாடலிலிருந்து பின் சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் வந்துவிட்டதால் பின்புறத்துக்கும் கேம்பரும் டோவும் உண்டு, இந்தக் கோணங்களை அளந்து சரிசெய்யும் அலைன்மென்ட் பார்க்கும்போது நான்கு சக்கரங்களையும் பார்க்கச் சொல்ல வேண்டும். முன்புறம் மட்டும் சரிசெய்துவிட்டு அனுப்பும் கடைகள் இன்னும் இருக்கின்றன.

ஆகவே சீட்டில் எழுதிய 3/32 நடுப் பள்ளத்தில் அளந்ததா, உள் விளிம்பில் அளந்ததா என்பதை நீங்களே பார்த்துவிடுங்கள். சில டாலருக்குக் கிடைக்கும் ஆழம் அளக்கும் கருவி போதும். உள், நடு, வெளி என்று மூன்று பள்ளங்களிலும், பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே குறுக்காக உயர்ந்திருக்கும் தேய்மான மேட்டைத் தவிர்த்துவிட்டு அளக்க வேண்டும். கருவி இல்லையென்றால் 25 சென்ட் நாணயத்தைத் தலைகீழாகப் பள்ளத்தில் செருகுங்கள். வாஷிங்டனின் தலை உச்சியை ரப்பர் தொட்டால் 4/32 இருக்கிறது. ஒரு சென்ட் நாணயத்தில் லிங்கனின் தலை உச்சி முழுதாகத் தெரிந்தால் 2/32-க்கும் கீழே போய்விட்டது. முன் டயரின் உள் விளிம்பைப் பார்க்க ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் போதும். பின் டயருக்கு அந்த வசதி இல்லை. பின்னாலிருந்து கீழே குனிந்து, கைபேசியின் விளக்கைப் போட்டு, டயரின் உட்பக்கத்தைப் படமெடுத்துப் பாருங்கள். கார் நிற்கும்போது நின்றபடி பார்த்தால் தெரிவது வெளிப்பாதி மட்டுமே. அது புதிதுபோல் இருக்க, உள் விளிம்பில் கம்பி தெரிந்துகொண்டிருக்கும் டயர்கள் அரிதல்ல. பிறகு உள்ளங்கையை டயரின் குறுக்கே, உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் ஒருமுறை தடவுங்கள். கம்பி தெரியும் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், கிழித்துவிடும். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரப்பரின் ஓரங்கள் கூர்மையாகக் கையில் தட்டுப்படுவதாகவும் இருந்தால் டோ தவறியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். அப்படியானால் அதைச் சரிசெய்யாமல் புதிய டயர் போடுவது அடுத்த ஜோடியையும் அதே வழியில் அனுப்புவதாகும்.

காற்றழுத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குறைந்தால் இரு ஓரங்களும், கூடினால் நடுப்பகுதியும் முதலில் தேயும். வெப்பநிலை ஐந்தரை டிகிரி செல்சியஸ் இறங்கினால் அழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ குறையும் என்பதால், கோடையில் சரியாக நிரப்பிய டயர் குளிர் தொடங்கும்போது 4, 5 பிஎஸ்ஐ குறைவாக நிற்கும். காரின் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவையே பின்பற்றுங்கள். டயரின் பக்கச் சுவரில் இருப்பது அது தாங்கும் உச்ச அழுத்தம்.

ஓட்டும் விதமும் பங்கு கேட்கும். மஸ்டாங் ஜிடியில் முன் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு பின் டயரைப் புகையவிடுவதற்கென்றே லைன் லாக் என்ற வசதியைக் கொடுத்திருக்கிறார்கள். அதை எத்தனை முறை பயன்படுத்தினீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. பந்தயத் தடத்தில் ஒரு நாள் ஓட்டினால் சாலையில் ஆயிரக்கணக்கான மைல்களில் கரைய வேண்டியது அன்றே கரைந்துவிடும். தவிர, ரப்பர் மீண்டும் மீண்டும் கடுமையாகச் சூடாகி ஆறும்போது இறுகியும் போகிறது. பள்ளம் இருந்தும் பிடிப்பு இருக்காது.

மைல் குறைவாக ஓடும் கார்களுக்கு ஆழத்தைவிட வயதே எல்லையாக அமையும். பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பல கார் நிறுவனங்கள் ஆறு ஆண்டில் மாற்றச் சொல்கின்றன. மிஷெலின் போன்ற டயர் நிறுவனங்கள், ஐந்து ஆண்டுக்குப் பின் வருடந்தோறும் பரிசோதித்து, பத்தாண்டுக்கு மேல் எக்காரணம் கொண்டும் பயன்படுத்த வேண்டாம் என்கின்றன. கோடைகால டயர்களுக்குக் குளிரும் பகை. 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே பிடிப்பு குறையத் தொடங்கும். மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே இவற்றின் ட்ரெட்டில், அதாவது தரையைத் தொடும் ரப்பர்ப் பரப்பில், விரிசல் விழக்கூடும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களின் கையேட்டிலேயே எச்சரிக்கிறது. பனி விழும் ஊரில் இருப்பவர்கள் குளிர்காலத்துக்குத் தனி டயர் வைத்துக்கொள்வதே முறை.

மாற்றும்போது என்ன வாங்குவது? உங்கள் கார் பின் சக்கர இயக்கம் என்பதால் பின் ஜோடியை மட்டும் மாற்றுவதில் தவறில்லை. நான்கு சக்கர இயக்கக் கார் என்றால் முன்னும் பின்னும் சுற்றளவு அதிகம் வேறுபடக் கூடாது என்பதால் கையேட்டைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டியிருக்கும். முன்னால் பைலட் ஸ்போர்ட் 4எஸ் இருக்கும்வரை பின்னாலும் அதையே போடுங்கள். வேறு வகையைக் கலந்தால், குறிப்பாக முன்னால் கோடைகால டயரும் பின்னால் எல்லாப் பருவ டயருமாகப் போட்டால், காரின் நிதானமே மாறிவிடும். போர்ஷே, பிஎம்டபிள்யூ, மெர்சிடஸ் வைத்திருப்பவர்கள் பக்கச் சுவரில் முறையே என் என்ற எழுத்தும் ஓர் எண்ணும், நட்சத்திரம், எம்ஓ ஆகிய குறிகளைக் கவனிக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் குறியுள்ள டயர் அந்தக் காருக்காகவே மாற்றிச் செய்யப்பட்டதாக இருக்கும்.

ஆயுள்தான் முக்கியம், அந்தக் கடைசிப் பிடிப்பு எனக்குத் தேவையில்லை என்று தோன்றினால், அதற்கும் வழி உண்டு. மிஷெலின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4-க்கு ட்ரெட்வேர் எண் 540, உத்தரவாதம் 45,000 மைல்; பின் டயர் அளவு வேறென்றால் இதுவும் பாதியாகும். ஆனால் அதற்கு நான்கையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். இப்போது நல்ல நிலையில் இருக்கும் முன் ஜோடியைக் கழற்றி எறிந்து அதைச் செய்வது எனக்கு வீண் செலவாகத் தோன்றுகிறது. இப்போதைக்குப் பின் ஜோடியை மட்டும் வாங்கி, அன்றே நான்கு சக்கர அலைன்மென்ட்டும் பார்த்து, பின் சக்கர டோவின் முந்தைய எண்ணும் பிந்தைய எண்ணும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முன் டயர்களின் மூன்று பள்ளங்களின் ஆழத்தையும் அந்தத் தாளிலேயே குறித்து வைத்து, 5,000 மைலுக்குப் பிறகு மறுபடி அளந்து பாருங்கள்.